பசுவந்தனை முத்திரையும் ஏழு பணியாரமும்

அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். படிக்காமல் விடுவது அதைவிடப் பெரிய தப்பு என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அனுபவப்பட்டவன் சொல்கிறேன்.

கோவில்பட்டியில் விதை, உரம், பூச்சிமருந்து விற்கிற கடை வைத்திருக்கிறேன். மழை விழுந்தால் உளுந்து விதைக்கும் மக்காச்சோள விதைக்கும் கடையில் நிற்க இடமிருக்காது. மற்ற நாளில் ஈ ஓட்டாமல் இரண்டு வேலை பார்ப்பேன். ஒன்று, தபால்தலையும் பழைய தபால்களும் சேர்ப்பது. இன்னொன்று, இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரை எழுதுவது, ஆதாரமில்லாத வரியை வெட்டுவது என்று தொகுப்பாளர் உத்தியோகம். (சம்பளம் கிடையாது என்பதை என் மனைவி கோமதி கேட்காமலே எல்லோருக்கும் சொல்லிவிடுவாள்.)

என்னைப் போன்ற தபால் வரலாற்றுக்காரர்களுக்குக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது பொருட்டே இல்லை. எந்த ஊர் முத்திரை, தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா, அவ்வளவுதான். சாவுச் சேதி வந்த கார்டைக் கையில் கொடுத்தாலும், "அடடா, முத்திரை என்ன அழகா விழுந்திருக்கு" என்போம்.

எனக்குக் கல்யாணமாகி ஐந்தாவது மாதம் அது. மாமனாரின் அண்ணன் பெங்களூர் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊர் திரும்பினார். கம்பியில் குத்தி வைத்திருந்த பழைய கடிதங்களைக் கம்பியோடு என்னிடம் தூக்கிக் கொடுத்தார். அதில் ஒரு தபால் கார்டு. பசுவந்தனை முத்திரை, முழு வட்டம், கம்பி ஓட்டை அதைத் தொடாமல் ஒரு விரல் தள்ளி விழுந்திருந்தது. பசுவந்தனை என் மாமியார் பிறந்த ஊர். அந்த ஊரைப் பற்றிய கட்டுரையில் அதுவரை ஒரு படம்கூடக் கிடையாது.

முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் செய்து ஏற்றினேன். "இது உங்கள் சொந்தப் படைப்பா?" என்று தளம் கேட்டது. ஸ்கேன் எடுத்தது நான்தானே என்று "ஆம்" போட்டேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அத்தை ஊருக்கு என் சிறு காணிக்கை" என்று எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் இணைப்பைப் போட்டேன். கைகூப்பும் பொம்மை மூன்று வேறு.

அரை மணி நேரத்தில் கோமதி போன் செய்தாள். "எங்கன இருக்கீங்க? கடையப் பூட்டிட்டு அம்மா வீட்டுக்கு வாங்க."

"ஏன், என்னாச்சு?"

"நீங்க போட்டதை நீங்க படிச்சீங்களா, இல்லையா?"

படித்தால்தானே.

இந்த இடத்தில் என் மாமனாரின் கதையைச் சொல்லியாக வேண்டும். பெண் பார்க்கப் போன அன்று, வாசலில் கால் வைத்ததும் அத்தையைக் கண்டு, அந்த நொடியே சரி சொல்லிவிட்டாராம். முப்பத்தெட்டு வருஷமாகச் சொல்லி வந்தார். எங்கள் கல்யாணத்திலும் மைக்கைப் பிடுங்கிச் சொன்னார். சொல்லும்போதெல்லாம் அத்தை தலையைக் குனிந்துகொள்வார்.

போய்ச் சேர்ந்தபோது மாமா நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தை செல்போனில் இரண்டு விரலால் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோமதி தன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். மாமா பெங்களூர் அண்ணனுக்கு எழுதிய கார்டுதான் அது.

"பசுவந்தனைப் பெண்ணைப் பார்த்துவிட்டு இங்கிருந்தே எழுதுகிறேன். பெண்ணை நான் சரியாகப் பார்க்கவில்லை. தூண் மறைத்துவிட்டது. மதினி பார்த்துவிட்டு நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். பெண் செய்த கருப்பட்டிப் பணியாரம் மிகவும் பிரமாதம். ஏழு தின்றேன். அதை நினைத்துத்தான் சரி என்று சொல்லிவிட்டேன். இங்கே மழை இல்லை."

அத்தை ஒரு வார்த்தை பேசாமல் அடுப்படிக்குள் போய்விட்டார். மாமா என்னைப் பார்த்தார். "நல்லாருப்பிய மாப்ள" என்றார். வாழ்த்து இல்லை என்பது எனக்கே புரிந்தது.

வாசலில் வைத்துக் கோமதி சொல்லிவிட்டாள். "அம்மா எங்க அப்பாகூடப் பேசுத வரைக்கும் நீங்க என்கூடப் பேச வேண்டாம்."

படத்தை நீக்கச் சொல்லி அன்றைக்கே விண்ணப்பித்தேன். அதுவரை அந்தக் கார்டை எங்கள் சொந்தக்காரர்கள் மட்டும்தான் பார்த்திருந்தார்கள். நீக்கலாமா வேண்டாமா என்று விவாதம் தொடங்கியதும் ஊர் உலகத்துத் தொகுப்பாளர்கள் எல்லாம் வந்து படித்தார்கள். ஒரு புண்ணியவான் படத்துக்குக் கீழே முழுக் கடிதத்தையும் தட்டச்சு செய்து வைத்தார். இன்னொருவர், "கருப்பட்டிப் பணியாரம் கட்டுரைக்கும் இது பயன்படும்" என்று எழுதினார். வேறொருவர் மட்டும் என்னை நேராகக் கேட்டார்: "சொந்தப் படைப்பு என்று போட்டிருக்கிறீர்களே, பெண் பார்க்கப் போனது நீங்களா?"

ஒரு வாரம் அத்தை மாமாவிடம் பேசவில்லை. சோறு வந்தது, காபி வந்தது, வார்த்தை வரவில்லை. மாமா தினமும் என் கடைக்கு வந்து உரமூட்டை மேல் உட்கார்ந்துகொள்வார். "அழிச்சாச்சா மாப்ள?" என்பார். "விவாதம் நடக்குது மாமா" என்பேன். அந்த மனிதரைப் பார்க்க எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. விளையாட்டுக்குக்கூட அதட்டிப் பேசத் தெரியாதவர்.

எட்டாம் நாள் காலையில் படம் நீங்கியது. கடையைக்கூடத் திறக்காமல் ஓடினேன். "அத்தை, அழிச்சாச்சு! இனிமே யாரும் பார்க்க முடியாது!"

"யாரைக் கேட்டு அழிச்சீங்க?" என்றார் அத்தை.

காட்டுவதற்காக நான் போனை எடுத்தேன். அத்தை கையால் தடுத்தார்.

"அவிய என்னப் பாக்கலைன்னு எனக்குத் தெரியாதாக்கும்? தூணுக்குப் பின்னால நின்னது நான்தான. சொல்லட்டும், கேக்க நல்லாத்தான இருக்குன்னு விட்டுட்டேன்."

மாமா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "பெறவு ஏன் ஒரு வாரமாப் பேசாம இருக்க?"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். தோள் குலுங்கியது. சிரிப்பு.

"வாயத் தொறந்தா உளறிருவேன்னுதான். அந்தப் பணியாரம் நான் சுட்டதில்ல. எங்க அண்ணன் பொண்டாட்டி சுட்டது. அன்னைக்கு எனக்குக் குழிச்சட்டிய எப்படி அடுப்புல வைக்கணும்னே தெரியாது."

மாமா மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் ஒரு மருமகன் என்ன செய்ய வேண்டும்? வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். ஆனால் எனக்குள் இருந்த தொகுப்பாளன் முந்திக்கொண்டான்.

"இதுக்கு ஆதாரம் ஏதும் இருக்கா அத்தை?"

முதலில் வெடித்துச் சிரித்தது மாமாதான். பிறகு அத்தை, பிறகு கோமதி. எனக்கு மட்டும் என்ன தப்பாகக் கேட்டோம் என்று கொஞ்ச நேரம் விளங்கவில்லை.

அன்றிலிருந்து இந்தக் குடும்பத்தில் என் பெயர் ஆதார மாப்பிள்ளை. சாம்பாரில் உப்பு போட்டாச்சு என்று சொன்னால்கூட ஆதாரம் கேட்கிறார்கள். போன மாதம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் மாமா மறுபடியும் மைக்கைப் பிடுங்கினார். "நான் பொண்ணு பாக்கப் போன அன்னைக்குத் தூணை மட்டும்தான் பாத்தேன்" என்றார். "அதுவே எனக்குப் புடிச்சுப் போச்சு."

அத்தை அப்போதும் தலையைக் குனிந்துகொண்டார். முதன்முறையாக முகம் காது வரை சிவந்திருந்தது.