அடுப்படி வழியே போகும் சந்து

தொலைப்பதற்கு எந்த நகரத்துக்கும் பொருள்கள் உண்டு. குடையைத் தொலைக்கிறார்கள், மூக்குக்கண்ணாடியைத் தொலைக்கிறார்கள், பொதுமக்கள் கொடுத்த மனுக்களைத் தொலைக்கிறார்கள். தெருவையே தொலைக்கிற மனத்திடம் எங்கள் நகரத்துக்கு மட்டுமே வாய்த்தது. அதோடு நின்றுவிடாமல், தொலைத்த தெருக்களைத் தேடிப் பிடிக்க 'மறைந்த தெருக்கள் மீட்புத் துறை' என்று ஒன்றை மாநகராட்சி ஏற்படுத்தியது. அதில் என்னை உதவியாளராகவும் நியமித்தது. 'தொலைநோக்கு' என்ற சொல்லின் முழுப்பொருளும் அன்றுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் துறை மாநகராட்சிக் கட்டடத்தில், உடைந்த நாற்காலிகள் அடுக்கிய நடையின் கோடியில் இருந்தது. வருகிறவர்கள் பெரும்பாலும் வழி தவறிப் பிறப்பு இறப்புப் பதிவுக்குப் போய்விடுவார்கள். சுவரில் ஓர் அம்புக்குறி போடலாமே என்று சொன்னேன். இயக்குநர் கண்களை மூடிக்கொண்டு சிரித்தார்.

"தேடி வரணும்யா. தேடலோட அருமை தெரியாதவங்க நமக்கெதுக்கு?"

அப்பேர்ப்பட்ட ஞானி அவர். நகரத்தின் பழைய வரைபடத்தை, துணியில் ஒட்டிய அந்தப் பழுப்புக் காகிதத்தை, அவர் தவிர வேறு யாரும் வெறுங்கையால் தொடக்கூடாது. நான் கையுறை மாட்டிக்கொண்டு அதன்மேல் அடியிலுள்ளது தெரிகிற மெல்லிய ஊடுதாளைப் பரப்பி, பழைய தெருக்களைக் கோடு இழுப்பேன். பிறகு அந்தத் தாளைப் புதிய வரைபடத்தின்மேல் வைப்பேன். பழையதில் இருந்து புதியதில் இல்லாத தெரு எதுவோ, அது 'மறைந்த தெரு'. உடனே இயக்குநர் எழுந்து நிற்பார். நாங்களும் எழுந்து நிற்போம். கொஞ்ச நேரம் மௌனம். பிறகு தேநீர்.

அப்படி ஒரு நாள் அகப்பட்டதுதான் நொண்டிக்குதிரைச் சந்து. மணிக்கூண்டுச் சதுக்கத்தில் புறப்பட்டு, வளைந்து நெளிந்து கால்வாய்க் கரையில் முடிகிற சந்து. அந்தக் குதிரைக்கு எந்தக் கால் நொண்டி என்பது பற்றி இயக்குநர் ஒரு கருத்தரங்கே நடத்தத் திட்டமிட்டார். நான் ஊடுதாளைப் புதிய வரைபடத்தில் பொருத்தினேன். எடுத்துவிட்டு மறுபடியும் பொருத்திப் பார்த்தேன்.

"எங்கேய்யா போகுது சந்து?" என்றார் இயக்குநர்.

"எங்க அக்கா வீட்டு அடுப்படிக்குள்ள போகுது சார்."

"வெளிய வருதா?"

"வருது சார். பாத்திரம் கழுவற தொட்டி வழியா வருது."

"அப்ப முட்டுச்சந்து இல்ல!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். "நல்ல சேதி சொன்னேய்யா!"

அந்த நல்ல சேதியை அக்காவுக்குச் சொல்லும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. அக்கா கணக்கு டீச்சர். வீட்டிலும் கணக்கு டீச்சர்தான். விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டாள்.

"என் அடுப்படி வழியா ரோடு போகுதா?"

"ரோடு இல்லக்கா, சந்து. பாரம்பரியச் சந்து."

"இது நாங்க பாத்துப் பாத்துக் கட்டின வீடுடா. நீ எந்தப் பாரம்பரியத்தைக் கொண்டுட்டு வர்ற?"

"வெறும் பேர்ப்பலகைதான்க்கா வைப்பாங்க. வேற ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

அத்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஒருவழிப் பாதையா, இருவழியா? அதக் கேட்டுட்டு வா முதல்ல" என்றார். அன்று சாயங்காலமே கூடத்திலிருந்து அடுப்படிக்குள் நுழையும்போது வலது கையை வெளியே நீட்டிச் சைகை காட்டப் பழகிக்கொண்டார்.

மேயரே நேரில் வந்தார். ஃப்ரிட்ஜுக்கு மேலே 'நொண்டிக்குதிரைச் சந்து' என்ற நீலப் பலகையைத் திறந்துவைத்து, "இன்று நாம் வரலாற்றின் மடியில் நிற்கிறோம்" என்று பேசினார். உண்மையில் அவர் நின்றது வெங்காயக் கூடைமேல்.

மறுவாரம் 'பாரம்பரிய நடை' தொடங்கியது. தொப்பி வைத்தவர்களும் தண்ணீர் பாட்டில் மாட்டியவர்களும் வாசல் வழியே நுழைந்து, அடுப்பைச் சுற்றி, பின்கதவு வழியே வெளியேறினார்கள். வழிகாட்டி குரல் தாழ்த்திப் பேசினார். "இங்கேதான் குதிரைகள் இளைப்பாறியிருக்கக்கூடும்" என்று மிக்ஸியைக் காட்டினார். எல்லோரும் மிக்ஸியைப் படம் எடுத்தார்கள். தொப்பிக்கார அம்மாள் ஒருத்தி அக்காவிடம் மைக்கை நீட்டினாள்.

"நீங்க எவ்வளவு காலமா இந்தத் தெருவில இருக்கீங்க?"

"இவரைக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நடுத்தெருவுலதாம்மா நிக்கிறேன்" என்றாள் அக்கா.

அத்தான் குழம்பு ஊற்றிக்கொள்ள வந்தவர், "வழி விடுங்க, வழி விடுங்க" என்று வாயாலேயே ஹார்ன் அடித்துக்கொண்டு போனார்.

அக்கா அழுது புலம்புகிற ரகமல்ல. வரைபடப்படி இது தெரு என்றால் தெருவுக்கு உண்டானதெல்லாம் வந்தாக வேண்டும் என்று மாநகராட்சியின் புகார் எண்ணைக் கூப்பிட ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் இருந்தே கேட்டேன்.

"ஹலோ, நொண்டிக்குதிரைச் சந்துலேர்ந்து பேசறேன். தெருவைப் பெருக்க ஆளே வரலை. குப்பை அப்படியே கெடக்கு... ஆமா, முருங்கைக்காய்ச் சக்கைதான்... தெருவிளக்கு? அதுவும் எரியலை. நான்தான் சுவிட்சைப் போட வேண்டியிருக்கு. நடுவுல ரெண்டு டைல்ஸ் பேந்து குண்டும் குழியுமா இருக்கு. முதியவர் ஒருத்தர் தடுக்கி விழுந்துட்டார்."

"முதியவரா? யாரைச் சொல்ற?" என்றார் அத்தான்.

எங்கள் மாநகராட்சியின் கடமையுணர்ச்சியை என்னவென்று புகழ்வது! உண்மையான தெருக்களிலிருந்து போன புகார்கள் எல்லாம் உறங்கிக்கொண்டிருக்க, அக்காவின் புகார் மட்டும் பிரிவு பிரிவாகப் பயணம் செய்தது. துப்புரவுப் பிரிவிலிருந்து விளக்குப் பிரிவுக்குப் போய், அங்கிருந்து சாலைப் பிரிவுக்குப் போய், கடைசியில் ஆக்கிரமிப்பு அகற்றும் பிரிவின் அதிகாரி கையில் சிக்கியது. ஊரில் அவருக்குப் 'புல்டோசர்' என்று பெயர். அவர் புகாரைப் படிக்கவில்லை. முகவரியை மட்டும் படித்தார்.

அளவு நாடாவோடு வந்து இறங்கினார். அடுப்படியில் நின்று சுற்றிலும் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"தெருவை மறிச்சு அடுப்பு. தெருவை மறிச்சு ஃப்ரிட்ஜ். தெருவை மறிச்சு ஒரு மேசை. மேசைமேல சாஞ்சுக்கிட்டு ஒரு ஆள். எழுதிக்கய்யா எல்லாத்தையும்."

"நான் இந்த வீட்டுக்காரன் சார்" என்றார் அத்தான்.

"அதை ஆக்கிரமிச்ச எல்லாரும்தான் சொல்றாங்க."

போகும்போது அடுப்படிச் சுவரில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார். வருகிற வாரம் இடிப்பு. வீடு இரண்டாகப் பிளந்து, கூடம் ஒரு பக்கமும் படுக்கையறை மறுபக்கமும் நிற்கும். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக அக்கா சாலையைக் கடக்க வேண்டும்.

அக்கா அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. "பலகை மட்டும்தான் வைப்பாங்கன்னு சொன்னியேடா" என்றாள். அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

மறுநாள் நான் ஊடுதாளை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனேன்.

"சார், சந்து அக்கா வீட்டோட நிக்கலை. பின்சுவரைத் தாண்டி நேரா அடுத்த கட்டடத்துக்குள்ள போகுது. அடுப்படியை இடிச்சா அதையும் இடிக்கணும்."

"இடிக்கட்டுமே! வரலாற்றுக்கு முன்னால எல்லாரும் சமம்" என்று முழங்கினார் இயக்குநர். "என்ன கட்டடம்?"

"புது வணிக வளாகம் சார். தானா நகர்ற படிக்கட்டெல்லாம் வச்சது."

இயக்குநர் உட்கார்ந்துவிட்டார். வரலாறும் அவரோடு உட்கார்ந்துவிட்டது.

விசாரணைக் கூட்டம் ஒன்று கூட்டப்பட்டது. பழைய வரைபடத்தை நீண்ட மேசைமேல் விரித்து வைத்தார்கள். மேயர் நடுவில் அமர்ந்தார். வளாகத்துக்காரர், 'பொதுமக்கள்' என்ற முறையில், மேயருக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்தார். நானும் அக்காவும் அத்தானும், அதே முறையில், கதவோரம் நின்றோம். வரைபட நிபுணர் ஒருவரைத் தருவித்திருந்தார்கள். அவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு காகிதத்தின்மேல் நெடுநேரம் குனிந்திருந்தார். தூங்கிவிட்டாரோ என்று மேயர் தொட்டுப் பார்த்தபோது நிமிர்ந்தார்.

"மணிக்கூண்டுலேர்ந்து டீச்சரம்மா வீட்டுப் பின்சுவர் வரைக்கும் இது சந்துதான். சந்தேகமே இல்லை."

"அதுக்கு அப்பால?" என்றார் மேயர்.

"அதுக்கு அப்பால இது சந்து இல்லை. மடிப்பு."

"மடிப்பா?"

"காகித மடிப்பு. மடிச்சு வச்ச இடத்துல அழுக்கு சேர்ந்து கோடு மாதிரித் தெரியுது. வரைபடத்துல மடிப்பு விழுந்த இடம் தெரு ஆகாது. இதுதான் எங்க துறையோட அடிப்படை விதி."

வளாகத்துக்காரர் வாய்விட்டு, "அற்புதம்!" என்றார். இயக்குநர் கைதட்டினார். அறிவியல் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று அறிந்த அந்த நிபுணரை நினைத்து எனக்கும் மெய்சிலிர்த்தது.

அக்கா தொண்டையைச் செருமினாள். வகுப்பில் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்க்க வைக்கிற செருமல்.

"சார், பொதுமக்கள் கிட்ட வந்து பார்க்கலாமா?"

"தாராளமா" என்றார் மேயர்.

அக்கா மேசையருகே போனாள். தன் வீடு இருக்கும் இடத்தை விரலால் தேடிக் கண்டுபிடித்தாள். பிறகு வரைபடத்தின் ஓரத்தைத் தூக்கி, அந்த இடத்தில் ஒரே மடியாக மடித்து, நகத்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அழுத்தித் தேய்த்தாள். "வெறுங்கை, வெறுங்கை!" என்று இயக்குநர் பதறி எழுந்தார்.

"ஏங்க" என்று அத்தானைக் கூப்பிட்டாள். "இதுமேல கொஞ்சம் உக்காருங்க."

அத்தான் இல்லாத பக்கக் கண்ணாடியைப் பார்த்து, சைகை காட்டி, மேசைமேல் ஏறி உட்கார்ந்தார். நல்ல பாரமான மனிதர். அவர் எழுந்தபோது மடிப்பு கத்தி போல் இருந்தது.

"இப்ப சொல்லுங்க சார்" என்றாள் அக்கா. "என் வீட்டுமேலயும் மடிப்பு விழுந்திருக்கு."

நிபுணர் திணறினார். "இது... புது மடிப்பும்மா."

"உங்க பழைய மடிப்பும் ஒரு நாள் புது மடிப்பாத்தானே இருந்திருக்கும்? எந்த வயசுக்கு மேல மடிப்பு மடிப்பாகும்? விதியைக் காட்டுங்க."

நிபுணர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் மேயரைப் பார்த்தார். வளாகத்துக்காரர் மேயரின் காதருகே குனிந்து, "மடிப்பை ரொம்பக் கிளற வேண்டாம். ஒத்துக்கிட்டுப் போயிடுங்க" என்று கிசுகிசுத்தது கதவோரம் வரை கேட்டது.

டீச்சரம்மாவின் அடுப்படி, 'மடிப்பு நிலம்' என்று அறிவிக்கப்பட்டது. புல்டோசரே நேரில் வந்து பெருக்கல் குறியைச் சுண்ணாம்பு பூசி மறைத்தார். ஃப்ரிட்ஜ்மேல் இருந்த பலகையைக் கழற்றிக்கொண்டு வர நான் போனேன். அக்கா தரவில்லை. சூடான பாத்திரத்தை இறக்கி வைக்க வாகாக இருக்கிறதாம்.

அத்தோடு எங்கள் துறையின் பொற்காலம் பிறந்தது. அம்புக்குறி இல்லாமலே எல்லோரும் எங்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். முதலில் வந்தவர்கள் அக்காவைப் போன்றவர்கள். இயக்குநர் அவர்களைப் பிறப்பு இறப்புப் பதிவுக்கு அனுப்பிவைத்தார். பிறகு பெரிய இடத்துக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு நாற்காலி போடப்பட்டது. கால்வாய்க்கரைப் பாதையில் ஒரு ஹோட்டல் வர வேண்டியிருந்தது. இயக்குநர் அங்கே ஒரு மடிப்பு மடித்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகிற குறுக்குச் சந்தில் யாருக்கோ வாகனக் கிடங்கு வேண்டியிருந்தது, இன்னொரு மடிப்பு. விளையாட்டு மைதானத்தை நாலாக மடித்தோம். வரைபடம் சுருங்கிச் சுருங்கி இன்று கைக்குட்டை அளவில் இயக்குநரின் சட்டைப்பையில் இருக்கிறது. சிக்கனமாக இடத்தைப் பயன்படுத்தியதற்காகத் துறைக்கு விருதும் கிடைத்தது.

விருது விழாவுக்காக அச்சுக்குப் போகும் ஆண்டறிக்கையை மெய்ப்புப் பார்க்க என்னிடம் கொடுத்தார்கள். முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில், 'நம் நகரின் தெருக்கள் பல காலப்போக்கில் மடிந்தன' என்று இருந்தது. அருமையான வாக்கியம். நான் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, வால் பக்கம் கொஞ்சம் திருத்தி, 'மடித்தோம்' என்று போட்டேன்.

இயக்குநர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"என்னய்யா திருத்தம் இது?"

"இலக்கணம் சார். தெருக்கள் மடிஞ்சது தன்வினை இல்லை. பிறவினை."

"சரி, செஞ்சது யாருன்னு வாக்கியத்துல காணோமே? எழுவாய் எங்கேய்யா?"

"தோன்றா எழுவாய் சார்" என்றேன். "வெளியில தெரியாது. ஆனா எல்லாத்தையும் செஞ்சது அதுதான்."