அறுபது வாட் மிச்சம்

திருநகர், மதுரை
14-6-83

அத்திம்பேர் பட்டாபிராமன் அவர்களுக்கு மைத்துனன் அனந்தநாராயணன் அநேக நமஸ்காரம். திருச்சியில் தாங்களும் பட்டு அக்காவும் சௌக்கியமாயிருக்க வேண்டும். இங்கே என் உடம்பு சௌக்கியம், மனசுதான் சரியில்லை.

இந்த மின்வெட்டுக் காலத்தில் கரண்ட் செலவைக் கால் பங்கு குறைக்கும் பொறுப்பை எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர், கிளார்க்கான என்னிடம் விட்டார். என் சுபாவம்தான் தங்களுக்குத் தெரியுமே. மூன்று நாள் நோட்டும் ஏணியுமாக அலைந்து, பல்பு, ஃபேன் எல்லாவற்றையும் எழுதி, சுவிட்சுக்குச் சுவிட்ச் ‘அணைத்தீரா?’ என்று சீட்டு ஒட்டினேன். எக்ஸ்ரே படம் பார்க்கும் விளக்கை நான் அணைத்துவிட, டாக்டர் படத்தை ஜன்னல் வெயிலில் பிடித்து எலும்பைத் தேடினார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

நேற்றுக் காலை பத்தே முக்காலுக்குப் பிரசவ வார்டை ஒட்டிய சின்ன அறைக்குள் போனேன். ஆள் இல்லை. வெள்ளைத் துணி போர்த்திய மரப்பெட்டி ஒன்று. அதன் மூடியில் மாட்டிய அறுபது வாட் பல்பு பட்டப்பகலில் எரிகிறது. பஞ்சு வைக்கும் பெட்டி என்று நினைத்தேன். சுவிட்சை அணைத்தால் யாராவது மறுபடி போடுவார்கள் என்று பல்பையே துண்டால் பிடித்துக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, நோட்டில் ‘அறுபது வாட் மிச்சம்’ என்று எழுதினேன். துணியை விலக்கிப் பார்க்கவில்லை, அத்திம்பேர். உள்ளே எட்டாம் மாதத்தில் பிறந்த பெண் குழந்தை இருந்தது. அந்தப் பல்பின் சூட்டில்தான் அதை வைத்திருந்தார்கள்.

கால் மணி கழித்து, “ஐயையோ, பிள்ளைக்குக் காலெல்லாம் சில்லுன்னு கிடக்கே! பல்பை எவன் கழட்டுனது?” என்று நர்ஸ் அலறினாள். ஓடிப்போய் மாட்டினேன். எரிந்தது. மறு நிமிஷம் பதினோரு மணி மின்வெட்டு வந்துவிட்டது.

தாய் சோலையம்மாள், திருவாதவூர்க்காரி, சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். “குடுங்க எம்புள்ளைய. எங்கிட்ட இல்லாத சூடா?” என்று குழந்தையை வெறும் நெஞ்சோடு சேர்த்துச் சேலையால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் வந்து மூச்சைப் பார்த்தார். “அப்படியே இரும்மா, அசையாத” என்றார். இரண்டு மணி நேரம் நான் வாசற்படியில் நின்றேன். குழந்தையின் பாதம் சிவந்தது, வீறிட்டு அழுதது. நானும் அழுதேன்.

“நான்தாம்மா கழட்டினேன்” என்று சொல்லிவிட்டேன்.

சேலையை இழுத்துக் குழந்தையின் தலையை மூடினாள். “நீங்க கழட்டாட்டியும் பதினோரு மணிக்குக் கரண்டு போயிருக்கும் சாமி. ஆனா உள்ள என்ன இருக்குன்னு ஒருதரம் பாத்திருக்கலாம்ல” என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

ராஜினாமாவை எழுதி டாக்டர் மேஜையில் வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அங்கே வருகிறேன். ஏதாவது ஜவுளிக்கடையில் கணக்கெழுத இடம் பாருங்கள். உயிருள்ள எதுவும் பக்கத்தில் இல்லாத வேலையாக இருக்கட்டும். அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அனந்தநாராயணன்

பி.கு.: இன்று வெள்ளிக்கிழமை. கடிதத்தை இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. சோலையம்மாளுக்குத் துணைக்கு ஆள் இல்லை. அவள் குளிக்கப் போகும்போது, “சட்டையக் கழட்டிட்டு ஒக்காருங்க சாமி, பாத்து வாங்குங்க” என்று குழந்தையை என் மார்பில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். இதை ஒரு கையால் எழுதுகிறேன். திருச்சி பஸ் போய்விட்டது. குழந்தை தூங்குகிறது, அசைய முடியாது. அங்கே எனக்கு வேலை தேட வேண்டாம்.