நாற்பத்தோராம் நம்பர் மாடசாமி

ஊசிமலைத் தோட்டம், மேல் லயம்,
நமுனுகுல, பதுளை.
மாசி 12

கூடப்பிறந்த தம்பி கிருஷ்ணராஜுக்கு உன் அக்கா பெரியாயி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் பேத்தி தனுஜாவும் மாரியம்மன் கிருபையால் சுகம். அவ்விடம் கோத்தகிரியில் நீயும், உன் சம்சாரமும், பிள்ளை குட்டிகளும், ஆடு மாடு இருந்தால் அவைகளும் சுகமாயிருக்க அந்த அம்மனையே வேண்டிக்கொள்கிறேன். கோபமாக இருந்துகொண்டுதான் வேண்டுகிறேன், ஆனாலும் வேண்டுகிறேன். பத்தொன்பது வருஷமாக நான் உனக்குக் கடுதாசி போடாத காரணம் உனக்குத் தெரியும். தெரியாவிட்டால் உன் மகள் கல்யாணப் பத்திரிகையை எடுத்து, சொந்த அத்தை பேரை எங்கே போட்டிருக்கிறாய் என்று பார். மேளக்காரர் பேருக்குக் கீழே. அதைப்பற்றி இந்தக் கடுதாசியில் ஒரு வார்த்தையும் எழுதக்கூடாது என்று இருக்கிறேன்.

போனில் பேசுங்க அம்மாயி என்று தனுஜா சொன்னாள். போனில் பேசினால் நீ "கேக்கல அக்கா, கேக்கல"ன்னு வச்சிருவ. எழுத்துன்னா படிச்சுத்தான் ஆகணும். நான் மூணாங்கிளாஸ். எழுத்து கோணலா இருந்தா நீ தலையைச் சாய்ச்சுப் படி.

விஷயம் என்னவென்றால், நம்ம தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வருகிற பங்குனியில் கும்பாபிஷேகம். வாசலில் ஒரு கல் வைக்கிறார்கள். இந்த மலைக்கு முதல் முதலில் ஏறி வந்து, காட்டை வெட்டி, மரத்தடியில் சூலத்தை நட்டவர் பேரை அதில் வெட்டப்போகிறார்கள். அந்த வீட்டு ஆட்கள்தான் முதல் கும்பம் தூக்குவது. ஹாலிஎலயிலிருந்து வந்த கல்தச்சன் "இம்மலைக்கு முதல் வந்தவர்" என்று வெட்டிவிட்டு, பேருக்கு இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த இடம் நம்ம பூட்டன் மாடசாமிக்கு உரியது என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அம்மனுக்கும் தெரியும். ஆனால் கீழ் லயத்துச் செவனம்மா, அது அவளுடைய பூட்டன் என்கிறாள். எந்தச் செவனம்மான்னு கேக்காத. எழுபத்தொன்பதாம் வருஷம் என் மகள் சடங்குக்கு வந்து, ரெண்டு டம்ளர் பாயாசம் குடிச்சிட்டு, "முந்திரிய எண்ணித்தான் போட்டுருக்காங்க போல"ன்னு ஊரு கேக்கச் சொன்னாளே, அந்தச் செவனம்மா. நாப்பத்தஞ்சு வருஷமா நான் அவ வீட்டுப் பக்கம் திரும்பினதில்ல. அவ வீட்டைத் தாண்டிப் போறப்ப குடை விரிச்சுக்குவேன், வெயில் இல்லாட்டியும்.

கோயில் தலைவர் இப்போ ஜீவன், நம்ம தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்து ராமாயி பேரன். பாயாச விஷயத்தையும் சேர்த்து அவனிடம் நம்ம பக்க நியாயத்தை ஒரு மணி நேரம் எடுத்துச் சொன்னேன். அவன் எல்லாத்தையும் கேட்டுட்டு, "பாட்டி, வாய்ப்பேச்சு வேணாம். ரெண்டு வீடும் ரெக்கார்டு கொண்டு வாங்க"ன்னுட்டான். எனக்கு இருக்கிற ஞாபகத்துக்கு எதுக்குடா ரெக்கார்டு என்றேன். அதுதான் பாட்டி பயமா இருக்கு என்றான்.

சரியென்று தனுஜாவைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக் கந்தோருக்குப் போனேன். பெரிய கிளாக்கர் ஐயா நல்ல மனுஷன். மேல் தட்டில் கறையான் தின்றது போக மிச்சமிருந்த, ஆள் பேர் பதிகிற பழைய செக்ரோல் புத்தகங்களை இறக்கி, தூசி தட்டி, தும்மித் தும்மித் தேடினார். கடைசியில் கண்டுபிடித்துவிட்டார், நாற்பத்தோராம் நம்பர், மாடசாமி. எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ரெண்டில் தோட்டம் கொடுக்கிற கம்பளி வாங்கியிருக்கிறார். பத்தொன்பதில் கம்பளி வாங்கியிருக்கிறார். முப்பத்தொன்றில் வேலைக்கு வந்திருக்கிறார். நாற்பதிலும் வந்திருக்கிறார். பாத்தீங்களா ஐயா, எங்க பூட்டன் ஒரு நாள் சும்மா இருந்ததில்ல என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் ஒரு பக்கத்தை முறைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நாற்பத்துநாலில் மாடசாமி பிரசவ லீவு எடுத்திருக்கிறார். ரெட்டைப் பிள்ளை. அதற்கு மூன்று வருஷம் கழித்து மாடசாமியைச் சின்னப் பிள்ளைகள் லிஸ்டில் போட்டு, அரைநாள் வேலைக்கு விட்டிருக்கிறது. அப்போது அவருக்கு வயது தொண்ணூறாவது இருக்கணும்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. தனுஜாவுக்கு விளங்கவில்லை, படித்த பிள்ளையல்லவா. அந்தக் காலத்தில் பெரட்டுக்களத்தில் விடிந்ததும் கங்காணி பேர் கூப்பிடுவார். ஆள் செத்தாலும் ஓடிப்போனாலும் பேரை வெட்டமாட்டார்கள். புதுசாக வந்த ஆள் அந்தப் பேருக்கு "இருக்கேன் ஐயா" என்று சொல்லிவிட்டால் அன்றிலிருந்து அவன்தான் அந்தப் பேர். ஆள் மாறும், பேர் மாறாது. அப்படி நம்ம பூட்டன் பேர் அவருக்கப்புறமும் எத்தனையோ வருஷம் கொழுந்து எடுத்து, பிள்ளை பெற்று, குழந்தையாகியிருக்கிறது. பெரிய கிளாக்கர் ஐயா சிரிப்பை அடக்கிக்கொண்டு, செத்த தேதி கிடைத்தால் அசல் ஆளைப் பிடித்துவிடலாம், பதுளைக்குப் போங்க என்றார்.

பதுளைக்குப் போனோம். பஸ்ஸில் எனக்கு வாந்தி, அதை விடு. அங்கே பிறப்பு இறப்புப் பதிகிற கந்தோரில் நாலு நாள் அலைந்து மாடசாமியின் மரணப் பத்திரம் கேட்டோம். மூன்று கொடுத்தார்கள். நம்ம பூட்டன் பதினொன்றில் காய்ச்சலில் செத்திருக்கிறார். இருபத்தொன்பதில் சுவர் விழுந்து செத்திருக்கிறார். நாற்பத்தேழில் பாம்பு கடித்துச் செத்திருக்கிறார், அப்போது வயது முப்பத்துநாலு. மூன்று தடவையும் செத்த மறுநாள் வேலைக்குப் போயிருக்கிறார், அது செக்ரோலில் இருக்கிறது. பத்திரங்களைக் கொப்பி எடுக்க பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பஸீல் கடைக்குப் போனோம். அவரும் நல்ல மனுஷன், தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். மூன்றையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இதுல எந்த மௌத்து ஒங்களோடது?" என்று கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்:

"எங்க பூட்டன் செத்தத நீ எதுக்குடி கொப்பி எடுக்குற?"

திரும்பிப் பார்த்தால் செவனம்மா. கையில் அதே மூன்று பத்திரம். கடைக்குள் குடை விரிக்க முடியாமல் போனது.

"உங்க பூட்டன் செத்தா நீ அழு. எங்க பூட்டன் சாவ நான் பாத்துக்குறேன்" என்றேன். அவள் பாம்பு தன்னுடையது என்றாள். நான் காய்ச்சலை விடமாட்டேன் என்றேன். சுவர் யாருக்கும் வேண்டாம் என்று நடுவில் கிடந்தது. கடைக்கு வந்த சனமெல்லாம் நின்று கேட்டது. பஸீல் சண்டையை விலக்குவதாக நினைத்துக்கொண்டு, அவருடைய மூத்தவாப்பா கல்யாணத்துக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடிவந்து, ஒரு மழைக்காலம் பூரா ஊசிமலையில் மாடசாமியாக இருந்தாராம் என்று ஒரு கதையை எடுத்துவிட்டார். அப்போ நீங்களும் கும்பம் தூக்க வர்றீங்களா என்று செவனம்மா கேட்டாள். அந்த ஒரு கேள்வியை மட்டும் அவள் சரியாகக் கேட்டாள் என்று ஒத்துக்கொள்கிறேன்.

கதை எப்படியோ நமக்கு முன்னாலேயே பஸ் ஏறி மலைக்கு வந்துவிட்டது. பௌர்ணமிப் போயா லீவு அன்று கோயிலில் கூட்டம். ரெண்டு வீடு போய் பதினோரு வீடு எழுந்து நிற்கிறது, எல்லாருக்கும் பூட்டன் மாடசாமி. ரெட்டைப் பிள்ளையின் பேரன்கள் ஒரு பக்கம், பாம்பு கடித்தவர் வீடு ஒரு பக்கம். சுவருக்குக்கூட ஆள் வந்துவிட்டது. ஜீவன் தலையில் கைவைத்துக்கொண்டு, "முதல் கும்பம் ஒன்னுதான் இருக்கு. பதினோரு வீடு தூக்குனா அது கும்பம் இல்ல, கொழுந்து லொறி" என்றான். அசல் மாடசாமியின் கடுதாசியைக் கொண்டுவருகிற வீட்டுக்குத்தான் கல், பங்குனி பிறக்கிற வரைக்கும்தான் தவணை என்று முடித்துவிட்டான்.

தம்பி, அந்தக் கடுதாசி உன்னிடம்தான் இருக்கிறது. பூட்டன் அக்கரையிலிருந்து ஆட்களோடு வந்தபோது கங்காணி எழுதிக்கொடுத்த துண்டுக் கடுதாசி. அப்பா அதைத் தகரப்பெட்டியில் துணிக்கு அடியில், யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தார். எழுபத்துநாலில் நீ தலைமன்னாருக்குக் கப்பலேறப் போனபோது, துணி வைக்கப் பெட்டி இல்லை அக்கா என்று சொல்லி அதைத் தூக்கிக்கொண்டு போனாய். உனக்கு அப்போது இருந்தது ரெண்டு சட்டை. அதைப்பற்றியும் நான் எழுதவில்லை. நம்ம வம்சத்துக்கு இந்த மலையில் சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது. குடியிருக்கிற லயத்து அறையும் தோட்டத்துடையது. அந்தக் கல்லில் ஒரு பேர் இருந்தால்தான் நாம் இங்கே வந்தோம், இருந்தோம் என்பதற்கு ஒரு அத்தாட்சி. அதனால் இந்தக் கடுதாசி கண்டதும் அந்தத் துண்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, ரெஜிஸ்டர் தபாலில், மடிக்காமல் அனுப்பு. அனுப்பினால் கல்யாணப் பத்திரிகை விஷயத்தில் பாதியை மறந்துவிடுகிறேன்.

உன் சம்சாரத்துக்கு என் அன்பைச் சொல், அவள் கேட்டால் மட்டும். பேரப்பிள்ளைகள் நூறு வயது இருக்கட்டும், ஒரே ஒரு தடவை மட்டும் சாகட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா
பெரியாயி

பி.கு.: ஒட்டி வச்ச கடுதாசியை ரெண்டு நாள் கழிச்சுப் பிரிச்சு எழுதுறேன். எனக்குத் தெரியாம தனுஜா உன் மருமகளோட பேசி, அந்தத் துண்டைப் போனுல படம் பிடிச்சு வாங்கிட்டா. வாசிச்சுக் காட்டுனா. "துறையூர் மாடசாமி, மாத்தளை வரும் வழியில் காய்ச்சலில் இறப்பு. சம்சாரம், ஆண் பிள்ளை இரண்டு, மலைக்கு அனுப்பியிருக்கு." மூணு தடவை வாசிக்கச் சொன்னேன், மூணு தடவையும் அவர் வழியிலயே செத்துப்போனார். இந்த மலையில அந்த மனுஷன் கால் வச்சதே இல்ல. பின்பக்கம் நம்ம அப்பா பென்சிலால எழுதியிருக்காரு: முதல் பெரட்டில் மாடசாமி பேருக்கு "இருக்கேன் ஐயா" சொன்னது அவர் சம்சாரம்தான், காட்டை வெட்டினதும் சூலத்தை நட்டதும் அவதான். மூத்த மகன் வம்சம் நாம, இளைய மகன் வம்சம் கீழ் லயம், ஒரு ஆட்டுக்குட்டிச் சண்டையில பேச்சுவார்த்தை இல்லாமப் போச்சு. பூட்டி பேரை அந்த வீட்டுப் புள்ளைக்கு வச்சிருக்காங்களாம். பூட்டி பேரு செவனம்மா.

அவ எனக்குப் பங்காளி, தங்கச்சி முறை. அவ செத்தா நான் தீட்டுக் காக்கணும். அது போகட்டும். இந்தத் துண்டைக் காட்டினா கோயில் வாசல்ல, நான் தெனமும் கும்பிடுற இடத்துல, கல்லுல "செவனம்மா"ன்னு வெட்டுவாங்க. நான் அதைத் தாண்டித்தான் உள்ள போகணும்.

அதனால துண்டை அனுப்பாத. பெட்டிக்கு அடியில வச்சு அது மேல நீ உக்காந்துக்க. அது எலி கடிச்சுப் போச்சுன்னு ஜீவன்கிட்ட சொல்லிட்டேன், மாடசாமி பேரே கல்லுல இருக்கட்டும் (அவர் வரவே இல்லங்கிறது நமக்குள்ள), கும்பத்தைப் பதினோரு வீடும் தூக்கட்டும்னு நானே பெருந்தன்மையா சொன்னதா ஊரெல்லாம் என்னைப் புகழுது. பூட்டி கோவிச்சுக்க மாட்டா. நம்ம வீட்டுப் பொம்பளதானே, அவளுக்கும் யார் மேலயாவது ஒரு வர்மம் இருந்திருக்கும், புரிஞ்சுக்குவா.