இரட்டைக் கார்புரேட்டரும் ஒரு தாய்மாமன் மடியும்

வடுகபட்டி,
ஞாயிற்றுக்கிழமை.

கம்பத்தில் குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கும் அன்பு மாப்பிள்ளை விஜய்ராஜ் அவர்களுக்கு, வடுகபட்டி பூண்டு மண்டி கோட்டைச்சாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நான், என் சம்சாரம் மகாலட்சுமி, அப்பா விட்டுப்போன பியட் கார் மூவரும் நலம். கார் கொஞ்சம் கூடுதலாகவே நலம், வம்பே அதனால்தான்.

தாங்கள் என் போனை எடுப்பதில்லை. தங்கச்சி உமாதேவி எடுத்து, பெருமூச்சு ஒன்று விட்டுவிட்டு வைத்துவிடுகிறது. ஜோதிகா பிள்ளைக்குப் பத்தொன்பதாம் தேதி மறுபடியும் காதுகுத்து என்றும், என் மடிக்குப் பதிலாக எங்கள் சித்தப்பா மகன் ஈஸ்வரபாண்டி மடியில் உட்கார வைக்கப்போவதாகவும் கேள்விப்பட்டேன். கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. கூடப்பிறந்த தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், மாப்பிள்ளை!

நடந்ததை நடந்தபடி எழுதுறேன். சீரை அப்பா கார்லதான் கொண்டாரணும்னு எனக்கு ஆசை. அது பாலத்து மேட்டைப் பார்த்தாலே தும்மும். அதனால செல்போன்ல வீடியோ பார்த்து, எஞ்சினுக்குக் காத்தையும் பெட்ரோலையும் கலந்து குடுக்குற கார்புரேட்டர், அதுவும் ரேஸ் வண்டிக்குப் போடுறதா ரெண்டு வரவழைச்சேன். பழனிசெட்டிபட்டி மெக்கானிக் சுருளிராஜன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "அண்ணே, இது பறக்குற வண்டிக்குப் போடுறது. சீர் வண்டி நடக்கணும்ணே"ன்னான். எவன் கேட்டான்? மூணு வாரம் அராவு அராவுன்னு அராவி நானே மாட்டினேன். ரெண்டும் ஒரே அளவு காத்து இழுக்குதான்னு ரப்பர் குழாயைக் காதுல வச்சுக் கேட்கணும். கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டிருந்தப்ப மகாலட்சுமி வந்து, "பதினெட்டு வருசத்துல நான் பேசினதை ஒருநாளாச்சும் இப்படிக் கேட்டிருப்பீகளா?"ன்னா. கார்புரேட்டர் தூக்கிக்கிட்டு நின்னதால பானட் மூடல. கொடிக்கயிறு போட்டுக் கட்டிட்டேன்.

காதுகுத்து அன்னைக்கு வடுகபட்டியில இருந்து கம்பம் வரைக்கும், அடடா! வழியில வீரபாண்டி ஊரு எப்பப் போச்சுன்னே தெரியல. வினை ஊர்வலத்துலதான் வந்துச்சு. பிள்ளையார் கோயில்ல இருந்து மண்டபம் வரைக்கும் முன்னால மேளம், நடுவுல தட்டோட பொம்பளையாளுக, பின்னால கார்ல பிள்ளைக்கான தோட்டோட நான். ரேஸ் கார்புரேட்டருக்கு மெதுவாப் போகத் தெரியாதாம். மிதிச்சா பாயும், விட்டா அணைஞ்சுரும். நாலு தரம் அணைஞ்சது. அஞ்சாந்தரம் படார்னு வெடிச்சதுல, வேட்டுப் போட்டாச்சுன்னு மேளக்காரவுக வாசிப்பை நிறுத்திட்டாக. உங்க அப்பா வேற என்னையப் பார்த்துச் சிரிச்சாக. ரோசத்துல ஒரு மிதி மிதிச்சேன். ஆக்ஸிலேட்டர் கேபிள் சிக்கிக்கிச்சு! பொம்பளையாளுக ரெண்டு பக்கமும் தெறிச்சு ஒதுங்க, ஊசியோட காத்திருந்த ஆசாரி எந்திரிச்சு நிக்க, மண்டபத்தைத் தாண்டி, ஊரைத் தாண்டி, கம்பம்மெட்டு மலை ரோட்டுல ஏறி, பெட்ரோல் தீர்ந்து கேரளா செக்போஸ்ட்லதான் நின்னது. அங்கன இருந்தவர் கார்ல கட்டியிருந்த மாலையைப் பார்த்துட்டு, "எந்தா சேட்டா, கல்யாணமோ?"ன்னார்.

ஜீப்பைப் பிடிச்சுக் கீழே வர்றதுக்குள்ள முகூர்த்தம் தப்பிருச்சு. பிள்ளை பாவம், மொட்டைத் தலையில சந்தனம் காஞ்சு தூங்கியிருச்சு. அதை நெனச்சா எனக்கு நானே நாலு சாத்து சாத்திக்கிடலாம்னு வருது.

அந்தச் சனியன் ரெண்டையும் கழட்டிச் சாக்குல கட்டிட்டேன். பழசையே மாட்டியாச்சு. பத்தொன்பதாம் தேதி பஸ்லயே வாரேன், மாப்பிள்ளை. அந்த மடியை மட்டும் எனக்கே குடுத்துருங்க.

ஜோதிகா பிள்ளை காதும் தோடுமா நூறு வருசம் நல்லா இருக்கட்டும். தங்கச்சிக்கு என் ஆசிகள். திட்டுறதுக்காச்சும் போன்ல வாயைத் திறக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் மச்சான்,
கோட்டைச்சாமி

பின்குறிப்பு: இது உங்களோட இருக்கட்டும். கேபிள் சிக்கல. மண்டபத்துலயே நிறுத்தியிருக்கலாம். மிதிச்சதும் ரெண்டு கார்புரேட்டரும் சேர்ந்து ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, என் சர்க்கரை வியாதி, மண்டிக் கணக்கு, முகூர்த்தம் ஒண்ணும் ஞாபகத்துல இல்ல. அப்புறம், பத்தொன்பதாம் தேதி முகூர்த்த நாளாம், பஸ்ல கால் வைக்க முடியாதாம், கார்தான் எடுக்கணும் போல. எதுக்கும் மண்டபத்துப் பின் கேட்டையும் திறந்து வைக்கச் சொல்லுங்க.