ஒரு பஜ்ஜியோடு மூடிய கால்சியம் கதவு

ஆராய்ச்சி செய்கிறவர்களிடம் "என்ன ஆராய்ச்சி?" என்று மரியாதைக்குக்கூடக் கேட்கக் கூடாது. சொல்லிவிடுவோம். நான் சொல்லிச் சொல்லியே இரண்டு மாப்பிள்ளை வீட்டாரை ஓட்டியவள்.

மூன்றாவது வரன் வீரகேரளம்புதூரிலிருந்து வந்தது. போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. (அம்மாவிடம் "பாப்போம்" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.) அம்மா காலையிலேயே எச்சரித்தாள்: "ஏட்டி, என்ன படிக்கன்னு கேட்டா பயாலஜின்னு சொல்லிட்டு வாய மூடிக்கோ. இதுவும் போச்சுன்னா உங்கூடப் பேசவே மாட்டேன்."

சீசன் நேரம். குற்றாலத்தில் குளிக்காமல் எங்கள் இலஞ்சிக்குப் பெண் பார்க்க யார் வருவார்கள்? மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் அருவியில் ஆசைதீர நின்றுவிட்டு, ஈரத் தலையும் அகோரப் பசியுமாக வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாழைக்காய் பஜ்ஜியை இரண்டே கடியில் முடித்தார். தட்டை மறுபடி நீட்டினேன். "போதும்மா" என்றார்.

நம் ஊரில் முதல் 'போதும்' வெறும் மரியாதைக்கு என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நானும் இன்னும் இரண்டு வைத்திருப்பேன். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை, "நரம்பு செல்லுல கால்சியம்னு தரகர் சொன்னாரே, அது என்ன?" என்று கேட்டுத் தொலைத்தார்.

அம்மாவின் எச்சரிக்கை அதோடு காலி.

"அந்த அடுக்களைக் கதவுதான் கால்சியம் சேனல்னு வச்சுக்கோங்க. மின்துடிப்பு வந்தா திறக்கும். கால்சியம் உள்ள போகும். போனதும் நரம்பு ஒரு ரசாயனத்த வெளிய அனுப்பும், இந்த பஜ்ஜி மாதிரி."

"அனுப்பிக்கிட்டே இருக்குமா?"

(இரண்டாவது கேள்வி! என்னிடம் யாருமே இரண்டாவது கேள்வி கேட்டதில்லை.)

"அங்கதான் அழகே! வெளிய வந்த ரசாயனமே கொஞ்சம் திரும்பி வந்து, அனுப்புன செல்லத் தொட்டு 'போதும்'னு சொல்லும். உடனே உள்ள ஒரு புரதம் போய்க் கதவப் பிடிச்சுக்கும். இப்ப உங்க அப்பா போதும்னாங்கல்லா..."

தட்டை அப்படியே தூக்கி அடுக்களைக்குள் வைத்தேன். பக்கத்தில் நின்ற என் தாய்மாமாவிடம் கதவைச் சாத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் எதையும் அரைகுறையாகச் செய்யாதவர். முதுகைக் கொடுத்து நின்றார். உள்ளே காபி தம்ளர்களோடு மாட்டிக்கொண்ட அம்மா கதவைத் தட்டத் தொடங்கினாள்.

திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பா தட்டு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை பாதி தூரம் நீண்டிருந்தது. அவர் மனைவி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "கெளம்புவோமா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போயிற்று, இதுவும் போயிற்று.

மாப்பிள்ளை மட்டும் இன்னும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூடுனா மூடுனதுதானா?"

"இல்ல. துடிப்பு பலமா வந்தா புரதம் பிடிய விட்டுரும்" என்றேன், அழாத குறையாக.

அவர் எழுந்து போனார். "அண்ணாச்சி, பலமா ஒரு துடிப்பு வருது. கொஞ்சம் நகருதியளா?"

மாமா நகர்ந்தார். மாப்பிள்ளை பஜ்ஜித் தட்டோடு திரும்பி வந்து அதை அப்பாவின் மடியிலேயே வைத்தார். அவர் ஆறு பஜ்ஜி சாப்பிட்டார். ஏழாவதைக் கையில் எடுத்துக்கொண்டு, "நாள் பாத்துருவோம்" என்றார்.

கல்யாணமாகி நாலு வருஷமாகிறது. எங்கள் வீட்டுக்கு யார் சாப்பிட வந்தாலும் மாமியார் இலை போடும்போதே சொல்லிவிடுகிறார்: "மருமக பரிமாறுதா. போதும்னு மட்டும் சொல்லிராதிய, நெசமாவே எடுத்துட்டுப் போயிருவா."