அவசரமாக ஒரு க்ரீன் ஷாட்

எந்தப் பட்டுப்புடவையைத் தட்டினாலும் திரையில் ஈரிழைத் துண்டு வந்து நின்றது. திங்கட்கிழமை காலையிலிருந்து அந்த தி.நகர் ஜவுளிக்கடையின் வெப்சைட்டுக்கு இதுதான் வியாதி.

"எலே பாலகணேசா, வெள்ளிக்கிழமைக்குள்ள இது சரியாகல, நீ செங்கல்பட்டு குடோனுக்குப் பொட்டியக் கட்டு" என்றார் முதலாளி வைரவன் அண்ணாச்சி.

பாலகணேஷ் இருபத்திரண்டு வருஷம் பட்டு செக்‌ஷனில் புடவை பிரித்துப் போட்டவர். முழங்கால் தேய்ந்ததும், உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்று அண்ணாச்சி அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்திருந்தார்.

பாலகணேஷ் அடையாறில் இருந்த வெப்சைட் கம்பெனிக்கு போன் போட்டார். லாவண்யா என்றொரு பெண் எடுத்தாள்.

"ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க சார். பார்த்துட்டுச் சொல்றேன்."

பாலகணேஷ் காதில் 'க்ரீன் ஷாட்' என்றுதான் விழுந்தது. அவரைக் குற்றம் சொல்லக்கூடாது. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் ஓட்டி, அசைத்தால் ரெண்டும் மினுங்குகிற பட்டுப்புடவையை 'ஷாட்' என்று சொல்லித்தான் அத்தனை வருஷமும் விற்றிருக்கிறார். டாக்டர் கேட்டால் ரத்தம் கொடுக்கிறோம், எதற்கென்றா கேட்கிறோம்? பச்சையில் நல்லதாக ஒன்றை மடித்து, கூரியர் பிரபுவிடம் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் லாவண்யாவே கூப்பிட்டாள். குரலில் தேன்.

"வந்துது சார். சூப்பர். பார்டர் கட் ஆகாம, முழுசாத் தெரியற மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா?"

பெரிய பார்டரில் ஒன்று போயிற்று.

"இது கொஞ்சம் டார்க்கா இருக்கு சார். டீம்ல ஆறு பேர் இருக்கோம். ஆளுக்கு ஒண்ணு பார்த்தா வேலை சீக்கிரம் முடிஞ்சிடும்."

இன்னும் நாலு போயின. திரையில் துண்டு மட்டும் போகவில்லை.

வியாழன் காலை அண்ணாச்சி அலமாரி முன்னால் நின்றார்.

"பச்சை ஷாட்டையெல்லாம் எங்கலே?"

"வெப்சைட் ரிப்பேருக்குக் கேட்டாங்க அண்ணாச்சி. ஆறு போயிருக்கு."

அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ளவும் தெரியாது.

"ஆறு போதுமான்னு கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பில் போடுகிற தாரணிதான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, அது க்ரீன் ஷாட் இல்ல, ஸ்க்ரீன்ஷாட். திரையில தெரியறத அப்படியே படம் புடிக்கறது. இந்த பிரின்ட் ஸ்க்ரீன் பட்டனை அமுக்குங்க."

அமுக்கினார். எழுந்து போய் பிரின்டர் பக்கத்தில் கையேந்தி நின்றார்.

"அங்க வராதுண்ணே. கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்கும்."

"உள்ள எங்க?"

"கண்ணுக்குத் தெரியாது. பேஸ்ட் பண்ணாத்தான் வெளிய வரும்."

பேஸ்ட் என்றதும் அவர் கோந்து எடுக்கப் போனார். திரும்பி வருவதற்குள் தாரணியே படத்தை எடுத்து ஒட்டி, மெயிலில் அனுப்பிவிட்டாள்.

பாலகணேஷுக்கு வேர்த்தது. ஆறு புடவையையும் இனி எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது? அதற்குள் லாவண்யா போனில் வந்தாள்.

"இதையா சார் அனுப்பினீங்க?" என்றாள், எதையோ பறிகொடுத்தவள் போல. அதற்கப்புறம் அவள் போனையே எடுக்கவில்லை.

வெள்ளி சாயங்காலம். துண்டு அப்படியே நின்றது. பாலகணேஷ் மூக்குக்கண்ணாடியையும் முழங்கால் தைலத்தையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, பிரபு வந்து தலையை நீட்டினான்.

"இன்னா சார், இன்னிக்குப் பார்சல் இல்லியா? உன் கம்ப்யூட்டர் கோளாறு மொத நாளே சரியாய்ட்சாம், அந்த அடையாறு ஆபீஸ் ரிசப்ஷன் அக்காவுக்கு மட்டும் இன்னும் பொடவை வர்லன்னுதான் வெளிய வுடாம வச்சிக்கினு கீறாங்க."