மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது

பிள்ளையாருக்கே விசில் அடித்து நகர வைத்த மனுஷி இந்த ஹைதராபாத்தில் ஒருத்திதான். எங்கள் விசிலம்மா. வேறு யாராவது உண்டென்றால் ஆளைக் கூட்டி வாருங்கள், காப்பி போட்டுக் கொடுத்து நானே விசாரிக்கிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் கூடைப்பந்துச் சட்டத்தை என்னிடம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பட்டம் வாங்கின என் மருமகளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதெல்லாம் விசிலம்மா போட்ட பிச்சை.

பிள்ளையார் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது ராமச்சந்திராபுரத்தில். பெரிய தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து வாங்கிய அடுக்கு வீடுகள். என் வீட்டுக்காரர் அங்கே ஃபிட்டராக இருந்தவர். கட்டிடத்துக்குப் பின்னால் ஒரு கூடைப்பந்துக் கோர்ட்டு. கட்டினவர் விளம்பரத்தில் படம் போடுவதற்காகப் போட்டது. யாரும் ஆடுவதில்லை, வடாம் காயும்.

ஒரு விநாயக சவிதிக்கு, அதுதான் பிள்ளையார் சதுர்த்திக்கு, கமிட்டி ஆண்கள் ஆறு பேர் பிள்ளையாரைத் தூக்கி வந்தார்கள். வளையத்துக்கு அடியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். அப்போது கேட்டது ஒரு விசில். மரத்திலிருந்த காக்கை அத்தனையும் பறந்துவிட்டன.

"மூணு செகண்ட்! பெயிண்ட்ல நிக்கக் கூடாது!"

வளையத்துக்கு அடியில் நீளமாக ஒரு கட்டத்துக்கு வண்ணம் அடித்திருப்பார்கள், அதுதான் பெயிண்ட். பந்து உங்கள் கட்சியிடம் இருக்கும்போது நீங்கள் எதிராளியின் வளையத்தடியில் அந்தக் கட்டத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால் பந்து அவர்களுக்குப் போய்விடும்.

செக்ரட்டரி பதறிப்போனார். பாலாநகர் பக்கம் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற தமிழ்க்காரர் அவர். "அம்மா, சாமிம்மா அது!"

"ஹவ் சார், சாமிதான். அதனாலதான் ரெண்டு செகண்ட் சேர்த்துக் குடுத்தேன். தூக்குங்க."

தூக்கினார்கள். பத்து நாளும் பிள்ளையார் கட்டத்துக்கு வெளியேதான் உட்கார்ந்து கொழுக்கட்டை சாப்பிட்டார்.

விசிலம்மா செகந்திராபாத்தில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிற தமிழ்க் குடும்பம். பேச்சில் ஊர் உருது கலந்து வரும்: ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் ஏன். இளவயசில் தொழிற்சாலையின் பெண்கள் அணியில் ஆடினவள், அந்த ஆட்டத்துக்காகவே வேலை கிடைத்தது. ஷிப்டு முடிந்ததும் கம்பெனி பஸ்களை விசில் அடித்து வரிசையாக அனுப்புகிற வேலை. ஓய்வு பெற்ற அன்று சாவி, அட்டை, குடை எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாள். விசிலை மட்டும் கொடுக்கவில்லை. தாலியும் விசிலும் ஒரே சங்கிலியில் தொங்கும்.

லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு யாராவது கதை பேசினால் விசில். "அஞ்சு செகண்ட்! பந்தைக் கையில வெச்சிட்டு யோசிக்கக் கூடாது!" காய்கறி வண்டியில் ஒரு முருங்கைக்காயை எடுத்து முறுக்கிப் பார்த்து, கீழே வைத்து, மறுபடி எடுத்தால் விசில். "டபுள்! வெச்சது வெச்சதுதான்!" வண்டிக்காரன் அவளுக்குக் கொத்தமல்லி சும்மா கொடுப்பான்.

நாங்கள் ஐந்து பெண்கள் காலையில் கட்டிடத்தைச் சுற்றிச் சுற்றி நடப்போம். எல்லாரும் ஐம்பதைத் தாண்டினவர்கள், நான் அறுபத்தாறு. ஒருநாள் குறுக்கே வந்து நின்றாள்.

"கைக்கு இப்பிடி செக்கு மாடு மாதிரி சுத்தறீங்க? ஒரு டீமுக்கு அஞ்சு பேர்தான் வேணும். நீங்க அஞ்சு பேர் இருக்கீங்க. வாங்க."

"எனக்கு மூட்டு வலி விசிலு."

"நக்கோ அக்கா, மூட்டு வலிக்கு ரூல்ல இடம் இல்ல."

இப்படித்தான் மாட்டினோம். அவளுக்குத் தெரிந்த உலகம் பஸ்தான், எல்லாவற்றையும் பஸ்ஸாகவே சொன்னாள். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போனால் பஸ் ஓடுகிறது என்று அர்த்தம். தட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் டிக்கெட் இல்லாத பயணம், விசில். தட்டுவதை நிறுத்திப் பிடித்துவிட்டால் அதுதான் கடைசி ஸ்டாப். மறுபடி தட்டி ஓட்டக் கூடாது. ஒன்று இன்னொருத்திக்குக் கொடு, இல்லாவிட்டால் கூடைக்குப் போடு. பிடித்த பிறகு ஒரு காலை ஆணி அடித்த மாதிரி வைத்து, மற்றதை எந்தப் பக்கமும் திருப்பலாம். உள்ளங்கையால் தட்டக் கூடாது, விரலால் தட்ட வேண்டும். பந்தைப் பார்க்கக் கூடாது, எதிரே பார்க்க வேண்டும். "டிரைவர் ஸ்டியரிங்கையா பாத்துட்டு ஓட்டறான்?"

போடுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தாள். முட்டியை மடக்கு, முழங்கை பந்துக்கு அடியில், கண் வளையத்தில். கடைசியாக மணிக்கட்டை முன்னால் விடு. "போற பஸ்ஸுக்கு டாட்டா காட்டறோம்ல? அப்பிடி." நான் மூன்று மாதம் டாட்டா காட்டினேன். ஒரு பஸ்ஸும் போய்ச் சேரவில்லை. ஒன்று மட்டும் என் வீட்டுக்காரர் தலையில் போய் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் கூட்டம் போட்டார்கள். கோர்ட்டை எடுத்துவிட்டுக் கார் நிறுத்தும் இடமாக்கலாம் என்றார் செக்ரட்டரி.

"யாரு ஆடறா அங்க?"

"நாங்க" என்றாள் விசிலம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு ஆட்டம் சார். கமிட்டி ஆம்பளைங்க அஞ்சு பேரு, எங்க அஞ்சு பேரு. நாங்க ஜெயிச்சா கோர்ட்டு கோர்ட்டாவே இருக்கட்டும். தோத்தா கார் நிறுத்திக்கங்க."

"ரெஃப்ரி யாரு?"

"நான்தான். வேற யாருக்கு ரூல் தெரியும்?"

"உங்க ஆளுங்களுக்கே நீங்க விசில் அடிச்சா எப்பிடிம்மா?"

"என் விசிலுக்குச் சொந்தக்காரங்க கிடையாது சார்."

அந்த வார்த்தையை நான் சரியாகக் கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பால்கனி எல்லாம் தலைகள். நான் புடவையை இழுத்துச் செருகி, பேரனுடைய கான்வாஸ் ஷூவைப் போட்டிருந்தேன். பாதிக்குப் பத்து நிமிஷம், இரண்டு பாதி. பந்து கிடைத்ததும் செக்ரட்டரி அதைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். விசில்.

"என்னம்மா தப்பு?"

"டிக்கெட் எடுக்கல சார்."

ஆண்களுக்குச் சட்டம் தெரியாது, ஆனால் உயரம் இருந்தது. எங்களுக்குச் சட்டம் தெரியும், மூச்சுதான் இல்லை. கடைசி நிமிஷத்தில் அவர்கள் ஆறு, நாங்கள் ஐந்து. ஒரு கூடைக்கு இரண்டு. கீழ் வீட்டு லலிதாவை ஒருவர் இடித்துத் தள்ளினதற்குக் கிடைத்த தனி வீச்சில் வந்தது அந்த ஒற்றைப் புள்ளி. இன்னும் ஒரு கூடை விழுந்தால் கோர்ட்டு எங்களுடையது.

என் முட்டி கெஞ்சியது. வளையத்தடியில் போய் நின்றுகொண்டேன். லலிதா பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினாள், நேராக என் கைக்கு வந்தது. முட்டியை மடக்கினேன். வளையத்தைப் பார்த்தேன். டாட்டா காட்டினேன்.

பந்து உள்ளே போனது. என் ஆயுசில் விழுந்த முதல் கூடை. பால்கனி எல்லாம் கத்தியது. என் வீட்டுக்காரர் நாற்காலி மேல் ஏறிவிட்டார்.

திரும்பிப் பார்த்தால் விசிலம்மா கையை நீட்டி மூன்று விரலைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். பந்து என் கையை விடுவதற்கு முன்பே விசில் அடித்தாளாம். எனக்குத்தான் காதில் விழவில்லை.

"மூணு செகண்ட். கூடை கிடையாது. பந்து அவங்களுக்கு."

"அடிப்பாவி! நீ மனுஷியா?"

"நாலு நின்னீங்க அக்கா. எண்ணினேன்."

செக்ரட்டரி எழும்பி எழும்பிக் கை தட்டினார். "ரெஃப்ரின்னா இதுதாங்க ரெஃப்ரி! சொந்த ஆளுக்கே அடிக்கிறாங்க பாருங்க! இந்த விசிலுக்கு நான் தலை வணங்கறேன்!" தலையையும் வணங்கிக் காட்டினார். அப்படித் தோற்றோம்.

எட்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. ஒருநாள் நான் வருவதைப் பார்த்து லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து விநாடி, பத்து விநாடி, அதற்கும் மேலே. விசில் அவள் கழுத்தில் சும்மா தொங்கியது. நான் பார்க்காதது போல மூன்று மாடியும் படியேறிப் போனேன். முட்டிக்கு இரண்டு நாள் எண்ணெய் தேய்த்தேன்.

கோர்ட்டில் காருக்குக் கோடு போட்டார்கள். ஒரு பக்கத்து வளையத்தைக் கழற்றினார்கள். இன்னொரு பக்கத்துக் கம்பம் ஆழமாகக் கான்கிரீட்டில் நின்றதால் அப்படியே விட்டுவிட்டார்கள். அதன் அடியில் முதல் காராகச் செக்ரட்டரியின் புதுக் கார் வந்து நின்றது.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கட்டிடமே விசில் சத்தத்தில் எழுந்தது. நான் பால்கனிக்கு ஓடினேன். விசிலம்மா அந்தக் காருக்கு எதிரே நின்று மூன்று விரலை நீட்டியிருந்தாள்.

"என்னம்மா இது!" என்று மேலேயிருந்து கத்தினார் செக்ரட்டரி. "நீங்கதான் தோத்துட்டீங்களே!"

"ஹவ் சார், தோத்துட்டோம். கோர்ட்டு போச்சு. ஆனா வளையம் நிக்குதே? வளையம் இருக்கிற வரைக்கும் பெயிண்ட் இருக்கு, பெயிண்ட் இருந்தா ரூல் இருக்கு. உங்க காரு ராத்திரியெல்லாம் உள்ள நிக்குது."

"காருக்கு எதுக்கும்மா ரூலு?"

"என் அக்காவுக்கு அடிச்சேன் சார். அவங்க எனக்காக மூட்டு வலியோட மூணு மாசம் ஆடினவங்க. ஆயுசுல போட்ட ஒரே கூடையைப் பிடுங்கினேன். நீங்க கை தட்டினீங்க, தலை வணங்கினீங்க. இப்ப உங்களுக்கு அடிக்கறேன். அதே விசில்தான்."

செக்ரட்டரி லுங்கியோடு சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். காரைப் பின்னால் எடுத்தார். கட்டத்துக்கு வெளியே வந்துவிட்டதா என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டார்.

நான் கீழே இறங்கிப் போனேன். "காப்பி குடிச்சியா?" என்றேன். "இன்னும் இல்லக்கா" என்றாள். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

அதற்குப் பிறகு அந்தக் கட்டத்தில் ஒரு காரும் நின்றதில்லை. முன்னால் இருந்த இரண்டு வரிசையும் தானாகக் காலியானது. பந்து கண்ணாடியில் படும் என்று பயம். ஒற்றை வளையத்தில் ஆடுகிற ஆட்டமும் சட்டத்தில் உண்டாம். இப்போது காலையில் அதுதான் ஆடுகிறோம். செக்ரட்டரியும் வருகிறார், டிக்கெட் எடுத்து ஓடுகிறார்.

விசிலம்மா கண் ஆபரேஷனுக்காகச் செகந்திராபாத்தில் தங்கை வீட்டுக்குப் போய் இருபது நாளாகிறது. நாங்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறோம். நேற்று பந்து லலிதா கையில் இருக்கும்போது நான் வளையத்தடியில் போய் நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினேன். நாலும் எண்ணினேன், ஐந்தும் எண்ணினேன். யாராவது விசில் அடிப்பார்களா என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.